பழவேற்காட்டுச் சாலையில் ஒரு வேகப் பள்ளிக்கூடம்

வேகம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் வீட்டுப் பெரியோர்கள் முகத்தைச் சுளிப்பது வழக்கம். நிதானமே பிரதானம் என்ற உபதேசத்தை லாரிகளின் முதுகிலே எழுதி வைத்து, அந்த லாரிகளைத் தலைதெறிக்க ஓட்டுகிற தேசம் நம்முடையது. பெரியோர்களின் அச்சம் ஆதாரமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும், ஓடுகிற மோட்டார் வண்டி ஒன்றைக் கண்டால், அதன் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்க்காவிட்டால் உறக்கம் வராத பிள்ளைகள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். "ஏண்டா, ஓடுகிற வண்டியை எதற்காக அவிழ்க்கிறாய்?" என்று தாயார் கேட்டால், "இன்னும் நன்றாக ஓடுவதற்காக, அம்மா!" என்று பதில் வருகிறது. இந்த விடையை விளையாட்டுப் பேச்சென்று தள்ளிவிடுவதா, அல்லது ஒரு தொழிலின் முதற் பாடமென்று மதிப்பதா என்பதே இவ்வாரம் நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

பழைய வீதி வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையிலே போட்டு, வேண்டாதவற்றைக் கழற்றி எறிந்து, வேண்டியவற்றைக் கைப்படச் செய்து பொருத்தி, அதைப் பந்தயக் குதிரையாக மாற்றுவதற்கு அமெரிக்கர்கள் 'ஹாட் ராட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது கடல் கடந்த விநோதமென்று நம்மில் பலர் எண்ணியிருக்கலாம். சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் வழியிலேயே அந்த வித்தைக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்றால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். அதற்குக் கூரையும் கிடையாது, சுவரும் கிடையாது. இருந்ததெல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடந்த ஒரு கான்கிரீட் பாதைதான்.

வற்றிய ஏரியிலே வளர்ந்த வித்தை

முதலில் அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1930-களில் கலிபோர்னியா மாகாணத்து இளைஞர்களிடம் பணம் குறைவு. பழைய போர்டு வண்டிகளுக்கோ குறைவில்லை. மட்காப்பு, விளக்கு, கூரை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எலும்புக்கூடாக நின்ற வண்டியை அவர்கள் மியூராக் முதலிய வற்றிய ஏரிப் படுகைகளுக்கு ஓட்டிச் சென்றார்கள். தட்டையான களிமண் தரை கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் அவ்விடங்களில், முட்டுவதற்கு ஒரு மரமும் இல்லை. குறுக்கே ஓடிவர ஒரு கோழியும் இல்லை. 1932-ம் வருஷத்தில் போர்டு கம்பெனியார் எட்டு சிலிண்டர் எஞ்சினை மலிவு விலை வண்டியிலேயே வைத்து விற்றதும் இந்த இளைஞர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. 1937-ல் வேகத்தை ஒழுங்காக அளந்து பதிவு செய்வதற்கென்று அவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் கண்டார்கள். 1948 ஜனவரியில் இந்த வித்தைக்கென்றே 'ஹாட் ராட்' என்ற பெயரில் ஒரு மாதப் பத்திரிகை பிறந்தது.

ஆனால் ஏரிப் படுகை எல்லோருக்கும் அருகில் இல்லை. ஆகவே பலர் நகரத்து வீதிகளிலேயே பந்தயம் ஓட்டினார்கள். விபத்துக்கள் நேர்ந்தன, போலீஸார் துரத்தினார்கள், பத்திரிகைகள் கண்டித்தன. 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஸ்தாபித்தபோது, அவருடைய முதல் நோக்கம் வேகத்தைக் கூட்டுவதன்று. அதை வீதியிலிருந்து மைதானத்துக்குக் கொண்டுபோவதேயாகும். போர்க்காலத்தில் அமைத்துப் பின்னர் சும்மா கிடந்த விமான ஓடுதளங்கள் அதற்குப் பெரிதும் உதவின. இங்கிலாந்திலும் அதே கதைதான். 1948-ல் பிரிட்டிஷ் மாபெரும் பந்தயம் நடந்த சில்வர்ஸ்டோன் மைதானம், யுத்த காலத்து விமான தளமே.

சோழவரத்து ஓடுதளம்

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டிப் போனால், நகரத்துக்குக் குடிநீர் தரும் சோழவரம் ஏரி வருகிறது. பட்டணத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம். அதற்கப்பால் காரனோடைப் பாலத்தைக் கடந்து, தச்சூரில் திரும்பி, பொன்னேரி வழியாகக் கிழக்கே சென்றால் பழவேற்காட்டுக் கரை. இந்தச் சாலையில் ஏரி மீனுக்காகப் போகிறவர்களும் உண்டு. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியாக் கோட்டையின் சின்னங்களையும் அவர்களுடைய கல்லறைகளையும் காணப் போகிறவர்களும் உண்டு. ஆனால் 1950-களிலிருந்து 1980-கள் வரையில் வருஷந்தோறும் மாசி மாதத்து வெயில் தொடங்கும் சமயத்தில், ஆயிரக்கணக்கான ஜனங்கள் பாதி வழியிலேயே, சோழவரத்திலேயே, இறங்கிவிடுவார்கள்.

இரண்டாவது உலக யுத்தத்தின் போது சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. யுத்தம் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, கான்கிரீட் மிஞ்சியது. 1950-களின் தொடக்கத்தில் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அந்த ஓடுதளத்தைப் பந்தய மைதானமாக்கினார்கள். யுத்தத்துக்காகப் போட்ட தளம் விளையாட்டுக்குப் பயன்பட்டது நல்ல சகுனமேயாகும். கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பங்களூரிலிருந்தும் போட்டியாளர்கள் வந்தார்கள். செல்வர்களும் சமஸ்தானத்து இளவரசர்களும் அயல்நாட்டுப் பந்தய வண்டிகளைக் கொண்டுவந்ததுண்டு. ஆயினும் அந்த மைதானத்தின் உண்மையான பெருமை அவர்களால் வந்ததன்று. கொட்டகையிலே பிறந்த வண்டிகளால் வந்தது.

காரணம் எளிது. 1954-க்குள் அமெரிக்க மோட்டார் கம்பெனிகள் இந்தியாவில் வண்டி பூட்டும் வேலையை நிறுத்திக்கொண்டு போய்விட்டன. சுதேசித் தொழிலை வளர்க்கும் பொருட்டு நம் சர்க்கார் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு வைத்தார்கள். கல்கத்தா அருகே உத்தரபாராவில் செய்த அம்பாஸடர், பம்பாயில் செய்த பியட், 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணத்தக்க வண்டிகளே நாட்டில் கிடைத்தன. அவற்றுக்கும் வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பந்தய வண்டி வேண்டுமென்று விரும்பிய சாதாரண மனிதனுக்கு ஒரே வழிதான் இருந்தது: கையிலுள்ளதை மாற்றிக்கொள்வது. புதிய உதிரி கிடைக்காதபோது சென்னைப் புதுப்பேட்டையின் காயலான் கடைகளே அவனுக்குக் களஞ்சியம். இல்லாமை பெரிய ஆசிரியன் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கொட்டகையில் என்ன நடக்கிறது?

வண்டியை எப்படி மாற்றுகிறார்கள் என்பதை இல்லத்தரசிகளும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்துகொள்ளும்படி விளக்க முயல்வோம். இதிலே மாயம் ஒன்றுமில்லை. நான்கே நான்கு தத்துவங்கள்தான்.

முதலாவது, பாரம் குறைத்தல். 900 கிலோகிராம் எடையுள்ள வண்டி ஒன்றை 600 கிலோகிராமாக இளைக்க வைத்தால், எஞ்சினைத் தொடாமலேயே ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் சக்தி ஒன்றரை மடங்காகிறது. ஆகவே பின் ஆசனம், மெத்தை, தரை விரிப்பு, கனத்த முட்டுத் தாங்கி எல்லாம் முதலில் வெளியேறுகின்றன. கண்ணாடிக்குப் பதிலாக இலேசான பிளாஸ்டிக் தகடு. இரும்புக் கதவுக்குப் பதிலாக அலுமினியம் அல்லது கண்ணாடி இழை. ஹெரால்டு வண்டியில் மேற்கூடு வேறு, அடிச்சட்டம் வேறு. கூட்டை அப்படியே தூக்கி எடுத்துவிட்டுச் சட்டத்தின்மேல் வேறு உடலை அமைக்கலாம். இந்தக் காரணத்தால் வீட்டிலே வண்டி செய்கிறவர்களுக்கு அது மிகவும் வாகாக அமைந்தது.

இரண்டாவது, சுவாசம். எஞ்சினும் நம்மைப் போல மூச்சு விட்டே வாழ்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய அதன் எடையைப்போல் ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். காற்று நுழையும் வழியும் புகை வெளியேறும் வழியும் குறுகலாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் எஞ்சின் திணறுகிறது. ஆகவே சிலிண்டர் ஹெட்டின் துவாரங்களை அரத்தால் விரிவாக்கி, பளபளப்பாகும்வரை தேய்க்கிறார்கள். ஒரு கார்ப்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைக்கிறார்கள். புகைக் குழாய்களைத் தனித்தனியே வளைத்துப் பற்றவைக்கிறார்கள். வால்வுகளைத் திறக்கும் காம் தண்டையும் கடைந்து மாற்றுவதுண்டு. வால்வு சற்றே அதிக நேரம் திறந்திருந்தால் எஞ்சின் சற்றே ஆழ்ந்த மூச்சு வாங்குகிறது.

மூன்றாவது, அழுத்தம். பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியை எவ்வளவு இறுக்கிக் கொளுத்துகிறோமோ அவ்வளவு வேகமாக அது பிஸ்டனைத் தள்ளும். லேத்துப் பட்டறையிலே சிலிண்டர் ஹெட்டின் அடிப்பாகத்தை மயிரிழை மயிரிழையாகச் சீவி எடுத்தால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் கூடும். ஆனால் அளவு தவறினால், ஆவி தானாகவே முன்னதாக வெடித்துச் சுத்தியலால் அடிப்பதுபோல் எஞ்சினைத் தாக்கும், பிஸ்டன் ஓட்டையாகும். பேராசைக்காரனுக்கு இந்த யந்திரத்தைப்போல் உடனடியாகத் தண்டனை கொடுக்கும் நீதிபதி உலகத்தில் இல்லை.

நான்காவது தத்துவம்தான் தலையாயது; பிள்ளைகள் மறந்துவிடுவதும் அதுவே. நிறுத்துதல்! வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் ஓட்டச் சக்தி நான்கு மடங்காகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்தத் தேவையான தூரத்தைப்போல், 80 கிலோமீட்டரில் நான்கு மடங்கும், 120 கிலோமீட்டரில் ஒன்பது மடங்கும் வேண்டும். ஆகவே நன்றாகக் கற்ற தொழிலாளி எஞ்சினைத் தொடுமுன் பிரேக்கைத் தொடுகிறான். பிரேக் உறைகள், ஸ்டீயரிங் மூட்டுகள், டயர்கள், ஸ்பிரிங்குகள் ஆகியவற்றைப் பலப்படுத்துகிறான். வண்டி கவிழ்ந்தால் தலை நசுங்காதபடி இரும்புக் குழாய்களால் உள்ளே ஒரு கூண்டு கட்டுகிறான். பெட்ரோல் தொட்டிக்கும் ஓட்டுகிறவனுக்கும் இடையே தகடு வைக்கிறான். அருகிலே தீயணைக்கும் கருவியை மாட்டி, தோளையும் இடுப்பையும் வாரால் பிணித்துக்கொள்கிறான். இவ்வளவும் செய்த பிறகே வேகம் என்ற சொல்லை உச்சரிக்க அவனுக்கு உரிமை உண்டாகிறது.

இவற்றில் ஒன்றையேனும் புத்தகத்தைப் படித்து மட்டும் கற்றுவிட முடியாது. அரம் பிடித்த விரலுக்கும், எஞ்சின் ஓசையைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்குமே அது வசப்படும்.

கோயமுத்தூர்க் கைகள்

இந்த வித்தை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கோயமுத்தூர் ஜில்லாக் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவர் ஓட்டி வந்த 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர்வலம் போனாரா? இல்லை. அக்கக்காகப் பிரித்துப் போட்டு, மறுபடியும் பூட்டிப் பார்த்தார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸுடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே வண்டி விட ஆரம்பித்தவர், பிற்காலத்தில் மோட்டார்த் தொழிலிலும் மின்சாரத் தொழிலிலும் தேசத்துக்கே பெருமை தேடித் தந்தார். அவ்வளவுக்கும் வித்து, பிரித்துப் போட்ட அந்த ஒரு மோட்டார் சைக்கிள்தான்.

யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, நம் மாகாணத்துப் பஸ்காரர்கள் வண்டியின் பின்புறத்திலே பெரிய உருளை அடுப்பைப் பொருத்தி, கரியை எரித்து, அந்த வாயுவால் எஞ்சினை ஓட்டியதைப் பாட்டனார் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கலாம். மேட்டிலே ஏறும்போது பிரயாணிகள் இறங்கித் தள்ளியிருக்கலாம். ஆனால் வண்டி ஓடியது. அது வேகத்துக்காகச் செய்த மாற்றமன்று, வயிற்றுக்காகச் செய்தது. இரண்டுக்கும் தேவையான கைத்திறன் ஒன்றே.

சோழவரத்தில் அந்தக் கைத்திறனை உச்சிக்குக் கொண்டுபோனவர் கோயமுத்தூர்ப் பஞ்சாலைக் குடும்பத்தில் 1954-ல் பிறந்த எஸ். கரிவர்தன். வீதி வண்டிகளை மாற்றிப் பந்தயம் ஓட்டிப் பேர் வாங்கியவர் அவர். தாம் ஒருவர் வெல்வதோடு திருப்தி அடையாமல், மற்றவர்களும் ஓட்டத்தக்க மலிவான பந்தய வண்டியைச் செய்ய முற்பட்டார். 1980-களில் எல்லார் வீட்டு வாசலிலும் வந்து நின்ற மாருதி 800 வண்டியின் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்திலே வைத்து, ஒற்றை ஆசனமுள்ள பந்தய வண்டியாக அமைத்தார். 'பார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். குடும்பத்தோடு கோயிலுக்குப் போன எஞ்சின், கூட்டை மாற்றிக்கொண்டு பந்தயத்துக்குப் போயிற்று! 1995-ல் சிறு விமான விபத்தொன்றில் கரிவர்தன் காலமானார். ஆயினும் அவர் செய்த வண்டி நின்றுவிடவில்லை. பார்முலா மாருதியில் தொடங்கிய கோயமுத்தூர் இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை இன்று கரிவர்தனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சோழவரத்துக் கூட்டம் கலைந்தது எப்போது? 1990-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒழுங்கான பந்தயப் பாதை திறக்கப்பட்டதும் கழகத்தார் அங்கே குடிபெயர்ந்தார்கள். வளைவுகளும் வேலிகளும் கொண்ட புதிய பாதை பத்திரமானது, உயர்ந்தது. ஓடுதளத்தை விட்டதற்காக யாரும் கண்ணீர் வடிக்கவேண்டியதில்லை. ஆனால் சோழவரத்தில் சாதாரண மெக்கானிக்குக்கும் மாணவனுக்கும் இருந்த இடம் எங்கே போயிற்று என்று கேட்பது நம் கடமை. இந்தக் கேள்விக்கு விடை தேட, சாலையில் இன்னும் சற்றுக் கிழக்கே போகவேண்டும்.

பழவேற்காட்டுப் பாடம்

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி. அதன் பெரும்பகுதி ஆந்திர தேசத்தைச் சேர்ந்தது; தென்முனையும் முகத்துவாரமும் நம்மைச் சேர்ந்தவை. ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் மனிதன் இறங்கி நடக்கலாம். கோடையில் வடபகுதி வற்றித் தரையே தெரியும். முற்காலத்தில் இந்த நீரில் கோலும் பாயும்தான் படகுக்கு எஞ்சின். இன்று குப்பத்துக் கரையிலே நின்று பார்த்தால், கண்ணாடி இழைப் படகுகளின் பின்முனையில் டீசல் எஞ்சின்கள் உட்கார்ந்திருக்கின்றன. தோட்டத்திலே நீர் இறைக்கும் எஞ்சினுக்கும் சரக்கு ஆட்டோவை இழுக்கும் எஞ்சினுக்கும் உடன்பிறப்பு என்று அதைச் சொல்லலாம். அதிலிருந்து நீண்ட தண்டு ஒன்று நீருக்குள் சாய்ந்து செல்கிறது, நுனியிலே விசிறி. மணல்மேடு வந்தால் படகோட்டி தண்டை அழுத்தி விசிறியை மேலே தூக்கிவிடுகிறார். ஆழம் வந்ததும் மறுபடியும் இறக்குகிறார். சயாம் தேசத்தில் பழைய மோட்டார் வண்டிகளின் எஞ்சினையே இவ்விதம் படகில் ஏற்றி ஆற்றிலே பறக்கிறார்கள். பழவேற்காட்டாருக்கு அது பந்தயமன்று. முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குப் போய், மீன் கெடுமுன் கரை சேரவேண்டும். வேகம் அவர்களுக்குச் சோறு. எஞ்சின் நடுநீரில் நின்றுவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது. ஆகவே படகோட்டியே பாதி மெக்கானிக்காக இருக்கவேண்டியிருக்கிறது.

ஆனால் நாம் இங்கே கவனிக்க வேண்டியது எஞ்சினை அன்று. அதைக் கட்டி வைத்திருக்கும் கட்டுப்பாட்டை. இந்த ஏரியிலே கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மீனவர் ஊர்களில் 'பாடு' என்ற பழைய முறை ஒன்று உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடங்களை இன்னார் இன்ன நாளில் வலையிடலாம் என்று ஊர்க் கூட்டமே முறை வைத்து ஒதுக்குகிறது. அந்த முறையின் முன்னே படகின் வேகம் செல்லாது. அதைப் பற்றிச் சச்சரவுகள் எழுந்ததுண்டு. உரிமை இல்லாதவர்களுக்கு மனக்குறையும் உண்டு. எனினும், வேகமும் திறமையும் பொது இடத்தில் பொது முறைக்கு அடங்கவேண்டும் என்ற தத்துவத்தைப் பாடப் புத்தகம் இல்லாமலே அந்தக் கரை அறிந்து வைத்திருக்கிறது.

அதே கரையிலிருந்து வடக்கே பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. 1980 ஜூலை மாதத்தில் 17 டன் எடையுள்ள எஸ்.எல்.வி. ராக்கெட் அங்கிருந்து கிளம்பி, 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணியை விண்ணிலே சுழல விட்டது. எரிந்து தீர்ந்த பகுதிகளை ஒவ்வொன்றாக உதறிவிட்டே அந்த ராக்கெட் மேலே சென்றது. கொட்டகையில் பின் ஆசனத்தைக் கழற்றும் பையன் அறிந்த அதே பாரம் குறைக்கும் தத்துவந்தான்! கை கற்றுக்கொண்ட பாடம் எவ்வளவு உயரத்துக்குப் போகும் என்பதற்கு எல்லை இல்லை.

வீதியும் மைதானமும்

இனி இன்றைய நிலையைச் சொல்வோம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவு செய்த வண்டியின் அமைப்பைத் தன்னிச்சையாக மாற்றக்கூடாது என்கிறது. தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்த முடியாதென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதிப்படுத்தியது. பொதுச் சாலையில் சர்க்கார் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவதை 189-ம் பிரிவு குற்றமாக்குகிறது. பெட்ரோல் வண்டியில் வாயுக் கருவியோ மின்சார மோட்டாரோ பொருத்த விரும்பினால், அங்கீகாரம் பெற்ற சாதனங்களைக் கொண்டு, அதிகாரிகளின் அனுமதியோடு செய்யலாம்.

இந்தச் சட்டங்களைக் கொடுமை என்று சில இளைஞர்கள் முணுமுணுக்கிறார்கள். நாம் அவர்களோடு சேரமாட்டோம். 2022-ம் வருஷத்தில் மட்டும் நம் தேசத்துச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதிவேகத்துக்குப் பலியானவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையும், காய்கறிக் கூடையோடு நடக்கும் தாயும் புழங்கும் வீதியிலே, தன் வித்தையைக் காட்ட ஒருவனுக்கும் உரிமை இல்லை. வீதி என்பது பாடு வைத்த நீர். அங்கே எல்லாருக்கும் பங்கு உண்டு.

ஆனால் சட்டம் வீதியைத்தான் மூடியிருக்கிறது, மைதானத்தை மூடவில்லை. வீதியை மூடிவிட்டு மைதானத்தைத் திறந்து வைக்காத தேசம், தன் பிள்ளைகளின் கையை மடக்கிப்போடுகிறது. இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும் இருக்கின்றன, மகிழ்ச்சி. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வரைந்து, தாங்களே பற்றவைத்துச் செய்த சிறு பந்தய வண்டிகளைக் கொண்டுவந்து சோதிக்கும் போட்டிகள் அவ்விடங்களில் நடந்திருக்கின்றன. பெட்ரோல் வண்டிகளோடு மின்சார வண்டிகளையும் செய்கிறார்கள். பெண்களும் அந்த அணிகளில் சேர்ந்து கையிலே எண்ணெய் படிய உழைக்கிறார்கள். இவையெல்லாம் சோழவரத்தின் வாரிசுகளே.

எனினும் கல்லூரிக்குப் போகாத பிள்ளை என்ன செய்வான்? புதுப்பேட்டையில் எஞ்சின் பிரிக்கும் பையனும், பழவேற்காட்டில் அண்ணனுடைய படகு எஞ்சினைப் பழுது பார்க்கும் தம்பியும் கல்லூரி மாணவனுக்குக் கைத்திறனில் குறைந்தவர்கள் அல்லர். ஜில்லாவுக்கு ஒரு மைதானம், ஒரு லேத்துப் பட்டறை, கற்றுக்கொடுக்கப் பழுத்த மெக்கானிக் ஒருவர், வண்டியைச் சோதித்து அனுமதி தர ஓர் அதிகாரி என்ற அளவில் ஏற்பாடு செய்தால் போதும். பயன்படாத நிலமும், பதிவுக் காலம் முடிந்து துருப்பிடிக்கும் பழைய வண்டிகளும் நம்மிடம் ஏராளமாக உள்ளன. தொழிற்பள்ளிகளின் பாடத்திலேயே பழைய வண்டியைப் பிரித்து மாற்றும் வேலையைச் சேர்க்கலாம். ஆண்டுக்கொருமுறை வேகத்துக்கு ஒரு பரிசு, குறைந்த தூரத்தில் நிறுத்துவதற்கு அதைவிடப் பெரிய பரிசு என்று வைத்தால் எந்தப் பெற்றோர் மறுப்பார்?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை ஸ்பானரைக் கையிலெடுத்தால் பிடுங்கி வைக்காதீர்கள். முதலில் சைக்கிளைப் பிரித்துப் பூட்டச் சொல்லுங்கள். பிறகு ஓடாமல் கிடக்கும் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியிலே படுக்கலாகாது, மூடிய அறையில் எஞ்சினை ஓட்டலாகாது, பெட்ரோல் அருகே நெருப்பு ஆகாது என்ற மூன்று விதிகளையும் மனப்பாடம் செய்விக்க மறவாதீர்கள். வண்டி எவ்வளவு வேகமாக ஓடும் என்று அவன் சொல்ல வரும்போதெல்லாம், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தன் கையாலேயே விடை செய்து காட்டும் பிள்ளை எந்தத் தொழிலுக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வான். பிறரையும் பிழைக்க விடுவான்.